"செவுரு கடிக்குதும்மா!"

எங்கள் புதுச்சத்திரத்தில் வருஷத்தில் பாதி நாள் மழைக்கு ஏங்குவோம். வந்தால் வீடு என்னாகும் என்று யோசிப்பதே இல்லை. 2021 ஐப்பசியில் விடாமல் பெய்தது. நாலாம் நாள் என் சின்னப் பையன், "அம்மா, செவுரு கடிக்குது!" என்று கையை உதறிக்கொண்டு ஓடிவந்தான். எறும்பாயிருக்கும் என்று சுவரைத் தொடப் போனேன்.

"தொடாதே அம்மணி! செருப்பைப் போட்டுட்டு மொதல்ல மெயினை அணை!" என்று மாமியார் போட்ட சத்தத்தால்தான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாடியில் கணுக்கால் தண்ணீர். வடிகிற குழாய் வாயை வேப்பஞ்சருகும், நான் வடகம் காயப்போட்ட பழந்துணியும் அடைத்திருந்தன. தேங்கிய நீர் விரிசல் வழியே இறங்கி, சுவிட்ச் பெட்டிவரை வந்துவிட்டது. ஆவணியிலேயே அந்த இடத்தில் உப்புப் பூத்துப் பெயிண்ட் உப்பியிருந்தது. காலண்டரை மாட்டி மறைத்தவள் நான்தான்!

வயர்மேன் தம்பி, சுவர் காயும்வரை அந்த லைனையே துண்டித்துவிட்டார். மின்சாரம் கசிந்தால் தானே அணைகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடச் சொன்னார். தீபாவளிப் புடவைப் பணம் அதற்குப் போயிற்று, போகட்டும். விரிசலை அடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே பெயிண்ட் அடித்தோம். ஈரத்தின் மேல் அடித்தால் உரிந்துதான் வருமாம்.

இப்போது புரட்டாசி பிறந்ததும் மாடியைப் பெருக்கி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, குழாய் வழியே ஓடுகிறதா என்று பார்த்துவிடுகிறேன். நீங்களும் ஒரு நடை மேலே போய்ப் பாருங்களேன்.

பையன் இன்றும் அந்த மூலைக்குப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான்.