மாமா இருக்கும் மலை

எங்கள் குளத்தூரில் பனி என்றால் மார்கழியில் வைக்கோல் போரை நனைப்பது. வெயில் ஏறினால் போச்சு. அது ஆளைப் புதைக்கும் என்று எனக்குத் தெரிய வந்தது 2016 பிப்ரவரியில். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் சோனம் என்ற ராணுவக் காவல் நிலை. பிப்ரவரி 3-ந் தேதி அதன் மேல் பெரிய பனிச்சுவர் இடிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட், பத்துப் பேர் என்று டி.வி.யில் சொன்னார்கள். என் தாய்மாமாவும் மெட்ராஸ் ரெஜிமெண்ட்தான்! போன் போகவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டது. பெயர்கள் வந்தன. மாமா பெயர் இல்லை. "முருகா" என்று கும்பிட்ட கையோடு, வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி என்று ஊர்களைச் சொன்னதும் அம்மா மறுபடி அழுதது. "அங்கயும் ஒரு அக்கா இருப்பாளேடா..."

சுமார் 25 அடிப் பனிக்கடியில் ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். பிப்ரவரி 11-ல் அவரும் போய்விட்டார்.

இப்போது நான் சிவில் இரண்டாம் வருடம். அப்பா கல் குவாரியில் ஜல்லி அள்ளுகிறார். பீஸ் கட்டுவது மாமா. போன லீவில் அவர் வந்தபோது, லேபில் காய்ந்த மணலைக் கொட்டிக் குவியலின் சாய்வை அளந்ததைப் பெருமையாகச் சொன்னேன். (வீட்டில் வேறு யாரிடம் சொல்வது?) மாமா சிரித்தார்.

"ரொம்பச் செங்குத்தா இருந்தா பனி தங்காது மாப்ள, அப்பப்ப உதிர்ந்துரும். மட்டமா இருந்தா நகராது. நடுவுல 30லேருந்து 45 டிகிரி இருக்கு பாரு, அதான் எமன். பனி அடுக்கடுக்கா கெடக்கும். அடியில ஒரு அடுக்கு சீனி மாதிரி ஒட்டாம உதிரியா இருக்கும். அதுக்கு மேல புதுப் பனியும், காத்து கொண்டாந்து போட்டதும் ஏறிரும். நம்ம கால் வச்ச பாரம் போதும். மேல் அடுக்கு பலகையாட்டம் முறிஞ்சு கெளம்பிரும்."

மாமா பத்தாவதோடு பட்டாளத்துக்குப் போனவர். நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை அவர் காலால் படித்திருக்கிறார்!

அப்படிப்பட்ட சரிவில் கூட்டமாகப் போகமாட்டார்களாம். ஒருவர் கடக்க, மற்றவர்கள் கண் எடுக்காமல் பார்ப்பார்களாம். புதைந்தால் எந்த இடத்தில் தோண்டுவது என்று தெரிய வேண்டுமே! முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார்கள். நேரமாக ஆக மூச்சுக்குக் காற்று இருக்காது.

"மொதல்ல போற ஆளு யாரு மாமா?" என்றேன்.

"டீ ஆறுது பாரு, குடி" என்றார்.

இந்தக் குளிருக்கும் மாமா மேலேதான். எந்த இடம் என்று சொல்லமாட்டார். பன்னிரண்டு நாளாகப் போன் இல்லை. நான் காலேஜ் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா தினமும் கேட்கிறது: "இப்ப அங்க எத்தனை டிகிரிடா?"

அம்மா கேட்பது குளிரை. எனக்கு நினைவு வருவது வேறு டிகிரி. "மைனஸ் இருபது இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறேன்.