அருகுக்கு நிழல் ஆகாது

அருகைக் காட்டி வேரோடு என்பார்கள், தூக்கணாங்குருவியைக் காட்டி உழை என்பார்கள். உனக்கும் சொல்லியிருப்பார்கள், தம்பி. எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

கூடு கட்டுவது ஆண் குருவி. நெல் தாளிலோ பனையோலையிலோ ஓரத்தை அலகால் நறுக்கி, அந்த முனையைக் கவ்விக்கொண்டு அப்படியே பறக்கும். பறக்கிற வேகத்தில் நார் நீளமாகக் கிழிந்து வரும். சில சமயம் ஒரு முழத்துக்கும் மேல். முடிந்து, கோத்து, பின்னிக்கொண்டே போய், ஹெல்மெட் மாதிரி பாதிக் கூடு ஆனதும் நிறுத்திவிடும். அதில் தொங்கியபடி சிறகடித்துக் கத்தும். பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்தால்தான் மிச்ச வேலை, கீழே தொங்கும் குழல் வாசல் உட்பட. பிடிக்கவில்லையா, பாதிக் கூடு பாதியாகவே கிடக்கும். ஆண் வேறொன்றைத் தொடங்கும்.

முழுக் கூட்டுக்கு ஏறக்குறைய 18 நாள் ஆகும். மொத்தமும் முடித்த பிறகுதான் காட்டுவேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு வரைபடம் போடுகிறாயே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசி. (ஒரு ஜோடி அமைந்ததும் இன்னொரு கூடு கட்டி இன்னொருத்தியைக் கூப்பிடும் பழக்கமும் அதற்கு உண்டு. அதை நீ கற்க வேண்டாம்.)

அருகு யாரிடமும் சம்மதம் கேட்காது. தரையில் ஓடும் கொடி கணுவுக்குக் கணு வேர்விடும். மண்ணுக்குள்ளும் தண்டு ஓடும். கலப்பை துண்டாக்கினால் துண்டுக்குத் துண்டு முளைக்கும். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே கையால் விவசாயி கோடை உழவில் அதைப் புரட்டிப்போட்டு வெயிலில் காயவிடுவது அதனால்தான்.

மேய்ச்சலைத் தாங்கும். வறட்சியில் பழுத்துக் கிடந்து மழைக்குத் துளிர்க்கும். நிழல் மட்டும் ஆகாது; மெலிந்து போய்விடும். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடச் சொல்லி மணமக்களை வாழ்த்துகிறோம். அடர்ந்த ஆலமரத்தடியில் அருகைத் தேடிப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ!

உன் வெளியூர் வேலைக்கு அப்பன் தடை சொன்னபோது இதைத்தான் சொன்னேன். “நிழல் கொடுக்கிறது தப்பாப்பா?” என்று கோபித்துக்கொண்டான். தப்பில்லைடா, கொஞ்சம் தள்ளி நில் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. நேற்று ரயில் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டான். நீயே போய்ச் சொல்லிவிடு.