மழலையர் உள்ளமும் திருச்சபையும்

சிறு குழந்தைகட்கும் மனநோவு உண்டோ என வினவுவார் பலர் உளர். உண்டலும் உறங்கலும் ஆடலுமன்றிப் பிறிதொன்றறியாப் பருவத்தார்க்குக் கவலை யாது என்பது அவர்தம் கருத்து. யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென எமக்குக் காட்டியவள் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. அவள்பால் யாம் அறியாது செய்த தவறே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

ஆவடிக்கு வடபால் வெள்ளானூர் என்னும் ஊர் உளது. ஆங்குள்ள சிறிய ஆலயம் ஒன்றில் ஓய்வுநாட்பள்ளியின் மழலையர் வகுப்பு எம்பால் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3, 4ஆம் நாள்களில் மிக்ஜாம் புயலால் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெய்த பெருமழையை அன்பர்கள் மறந்திரார். ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளிலும் தாழ்ந்த தெருக்களில் வெள்ளம் புகுந்தது. மின்விளக்கின்றி, வீட்டினுள் நீர் ஏறுவதைக் கண்டவாறு இரவைக் கழித்த குடும்பங்கள் பல. வெள்ளம் வடிந்தது, வீடுகள் கழுவப்பட்டன, பெரியோர் தத்தம் தொழிலுக்குத் திரும்பினர். குழந்தைகளின் உள்ளத்தே நின்ற நீர் வடிந்ததோ என்று கேட்டார் ஒருவருமிலர்.

அடுத்த ஜனவரியில், பாடவரிசையின்படி நோவாவின் பேழையைப் பற்றிக் கூறும் முறை வந்தது. சுவையுறக் கூறவேண்டுமென்னும் ஆர்வத்தால் யாம் பலகையைத் தட்டி இடி முழக்கினோம்; பேழையின் கதவு அடைபட்டதைக் காட்டுவான் வகுப்பறைக் கதவையும் படீரெனச் சாத்தினோம். பிள்ளைகள் கைகொட்டி நகைத்தனர். ஒரு சிறுமி மட்டும் நகைத்திலள். "இயேசப்பாவுக்கு எங்கள் வீட்டின்மேலும் கோபமா, அக்கா?" என்று அவள் வினவினாள். யாம் சிறிதும் ஆராயாது, "நீ நல்ல பிள்ளையாக இருந்தால் கோபிக்கமாட்டார்" என்று விடையிறுத்தோம்.

அவ்விடையின் கொடுமை பின்னரே எமக்கு விளங்கிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆலயப் படியேற மறுத்துப் பாட்டியின் சேலையைப் பற்றிக்கொண்டு அழுதாள். வானம் இருண்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள் என்றும், நிறுத்திவிட்டிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கிற்றென்றும் அம்மூதாட்டியார் எம்மிடம் தனித்துக் கூறினார். அருகிருந்தார் சிலர், "செல்லம் கொடுத்த அடம், இரண்டு அடி போட்டால் சரியாகும்" என்றனர். யாம் தலைகுனிந்து நின்றோம். அஃது அடமன்று, அச்சம் என்பதும், அவ்வச்சத்தை வளர்த்தவர் யாமே என்பதும் எம் மனத்துக்குத் தெரிந்திருந்தன.

மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தை, கேட்பதனைக் கேட்டவாறே கொள்ளும். உவமையையும் உண்மையையும் பிரித்தறியும் ஆற்றல் அதற்கு இன்னும் முற்றவில்லை. வீட்டில் நேர்ந்த துன்பத்துக்குத் தன் குறும்பே காரணமென எண்ணிவிடுதலும் அப்பருவத்தின் இயல்பு. தாய் நோயுற்றாலும், தந்தை வெகுண்டு வெளியேறினாலும், வெள்ளம் புகுந்தாலும், 'யான் செய்த தவறால் வந்ததோ' என்று அது தனக்குள் கலங்கும். அதனைச் சொல்லச் சொற்கள் போதாமையால் உடலாற் சொல்லும். அழுகை, உணவு மறுத்தல், உறக்கத்தில் திடுக்கிடல், விட்ட பழக்கத்துக்கு மீளுதல் ஆகிய யாவும் மொழியறியாப் பிள்ளையின் மொழிகளேயாம்.

"சாமி கண்ணைக் குத்தும்" என்று குழந்தையை அடக்குதல் நம் நாட்டில் எல்லாச் சமயத்தார் இல்லங்களிலும் வழங்கும் வழக்கு. ஆயின் நம் இலக்கிய மரபு இதற்கு மாறாக நிற்றல் காண்க. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் முதலது காப்பு. குழவியைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டும் அப்பகுதியில், அத்தெய்வங்களின் கொலைத்தொழிலை எடுத்துரைத்தலாகாது என்பது பாட்டியல் மரபு. தொட்டிலின் அருகே கடவுளைப் பற்றிப் பேசுங்கால் எதனைப் பேசாது விடுதல் வேண்டும் என்பதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தமிழ் பயிலும் யாம் இதனை ஏட்டிற் கற்றும் வகுப்பறையில் மறந்தோம்.

நம் வேதமும் இதற்கு மாறுபட்டதன்று. குழந்தைகளைக் கொண்டுவந்தாரைச் சீடர் அதட்டியபோது ஆண்டவர் சினந்தது குழந்தைகளையன்று, சீடரையே. பின்னர் அவர் அக்குழந்தைகட்கு அறிவுரை கூறினாரல்லர். அணைத்துக்கொண்டு ஆசி வழங்கினார். மனமுடைந்து சாவை வேண்டிய எலியா தீர்க்கதரிசிக்கும் முதற்கண் கிடைத்தது கண்டனமன்று. உறக்கமும், சுட்ட அப்பமும், நீரும், தூதனின் தொடுகையுமே. கலங்கிய உள்ளத்துக்கு முதலில் வேண்டுவது அரவணைப்பு, போதனை பின்னரே என்பதற்கு இவற்றினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவ்வுண்மையைச் செயலிற் காட்டிய கிறிஸ்தவ நிலையம் நம் மாநிலத்திலேயே உளது. ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 1957ஆம் ஆண்டில் பாகாயத்தில் மனநல மையம் ஒன்றை நிறுவிற்று. நோயுற்றாரைக் குடும்பத்தினின்று பிரித்து அடைத்துவைக்கும் பழைய முறையை விடுத்து, உறவினர் உடன் தங்கித் துணைபுரியும் முறையை அம்மையம் மேற்கொண்டது. வளர்ச்சிக் குறையுள்ள பிள்ளைகட்கென அங்கு நிகழும் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோரும் உடனிருந்து பயில்கின்றனர். 1939ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்து, போரின் காரணமாகப் பல்லாண்டுகள் இந்நாட்டிற் கழித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், குழந்தை தன் சூழலை முழுமையாக உறிஞ்சிக்கொள்கிறது என்றே கற்பித்தார். கத்தோலிக்கராகிய அவர், ஆலய வழிபாட்டிற் குழந்தைக்குரிய இடத்தைப் பற்றியும் எழுதியுள்ளார்.

மருத்துவரல்லாத நாம் ஒரு சிறு சபையில் யாது செய்தல் கூடும்? பெரும்பொருள் வேண்டுவதில்லை. வாரந்தோறும் ஆசிரியரை மாற்றாது, அறிந்த முகமொன்று வாயிலில் நின்று பெயர் சொல்லி வரவேற்றல் வேண்டும். பாட்டு, கதை, விளையாட்டு, ஜெபம் என்னும் வரிசை மாறாதிருத்தல் வேண்டும். அடுத்து வருவது யாதெனத் தெரிந்த குழந்தை அஞ்சாது. பிரிய அழும் பிள்ளையின் தாய் சில வாரம் வகுப்பின் பின்னே அமர்ந்திருக்கலாம். மனப்பாட வசனத்தை மேடையேறிச் சொல்லெனக் கூசும் குழந்தையை நெருக்குதல் வேண்டா. ஏரோது குழந்தைகளைக் கொன்றதும், ஆபிரகாம் கத்தியை ஓங்கியதும் வளர்ந்த பின்னர்க் கேட்கத்தக்கன. பாவனை விளையாட்டுக்கும் வண்ணம் தீட்டுதற்கும் இடம் அளித்தால், நாவால் உரைக்கவியலாததனைக் கை உரைக்கும். ஒரு குழந்தையோடு ஓராசிரியர் மட்டும் தனித்திராது, எப்பொழுதும் இருவர் உடனிருத்தல் அதன் காப்புக்கு இன்றியமையாதது.

அச்சம் பல வாரம் நீங்காதிருப்பினும், பேசிய பிள்ளை பேச்சை இழப்பினும், ஆட்டத்தில் விருப்பம் அறவே ஒழியினும், 'பேயின் செயல்' என்றோ 'விசுவாசக் குறைவு' என்றோ கூறிக் காலம் தாழ்த்தலாகாது. ஜெபமும் மருத்துவமும் ஒன்றற்கொன்று பகையல்ல. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை நமக்கு எட்டாத தொலைவினதன்று. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் மனநல உதவியை 14416 என்னும் எண்ணில் எவரும் கட்டணமின்றி அழைக்கலாம்.

இனி அச்சிறுமியைப் பற்றி உரைத்து முடிப்போம். வகுப்பை உடனாசிரியர்பால் விடுத்து, யாம் அவளோடும் பாட்டியாரோடும் ஆலயத்தின் வெளித்திண்ணையில் அமரலாயினோம். கதை ஒன்றும் சொன்னோமல்லேம். அவள் புளியங்கொட்டைகளால் வீடு கட்டினாள். யாம் கொட்டை பொறுக்கிக் கொடுத்தோம். இரண்டாம் வாரம், "உன் வீட்டில் வெள்ளம் வந்தது உன் தவறால் அன்று, அன்று அக்கா சொன்னதுதான் தவறு" என்று அவளிடம் கூறினோம். அவள் ஒன்றும் பேசிலள். ஆறாம் வாரம், கட்டிய வீட்டுக்குக் கதவாக ஒரு புளியங்கொட்டையை வைத்து, எம்மை நிமிர்ந்து நோக்கி, "மழை வந்து நான் தட்டினால் நீங்கள் கதவைத் திறப்பீர்களா, அக்கா?" என்றாள்.

"திறப்போம்" என்றோம். அவள் அக்கொட்டையை எடுத்து எம் கையில் வைத்தாள். பின்னர்ப் பாட்டியின் விரலைப் பற்றியவாறே படியேறினாள். அன்று சொன்ன சொல்லைக் காத்தல் எம் கடன் மட்டுமன்று. வாயிலில் ஒரு குழந்தை நிற்கும் திருச்சபை ஒவ்வொன்றன் கடனுமாம்.