இடது கால்

"பயந்தா இடது காலை அமுக்கு." அப்பா எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தந்தபோது சொன்ன முதல் பாடம் இது. எங்களிடம் இருந்தது திருவொற்றியூர் ஆலையில் செய்த பழைய புல்லட். கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். பாளையங்கோட்டைத் தெருக்களில் மாடும் சைக்கிளும் குறுக்கே வந்து வந்து அந்தப் பாடத்தை என் காலுக்குள் இறக்கின. முப்பது ஆண்டுகள் கழித்து அதுவே என் மணிக்கட்டை முறித்தது.

யார்க்ஷயரில் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் ட்ரையல்ஸ் வண்டி பழகத் தொடங்கியபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

ட்ரையல்ஸில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறைகளின்மேல் காலை ஊன்றாமல் போகவேண்டும். ஒருமுறை ஊன்றினால் ஒரு புள்ளி தண்டம், விழுந்தால் ஐந்து. வண்டியில் உட்கார இருக்கையே கிடையாது. எடை எழுபது கிலோ அளவில்தான். பின்சக்கரத்தில் நாலைந்து பவுண்டு காற்று மட்டும். ரப்பர் பாறையைக் கை போலக் கவ்வும்.

நான் சிக்கிக்கொண்டது பின்சக்கரத்தில் நிற்கும் இடத்தில். முன்சக்கரத்தைத் தூக்கிவிடலாம், அது கடினமல்ல. தூக்கியபின் அங்கேயே நிற்பதுதான் வித்தை. ஒற்றை விரலால் கிளட்சைச் சற்று விட்டால் பின்சக்கரம் முன்னே நகர்ந்து முன்பக்கம் எழும். வலது காலால் பிரேக்கைத் தொட்டால் முன்பக்கம் இறங்கும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை. அதைத் தாண்டி வண்டி மல்லாக்கச் சாயும்போது காப்பது பிரேக் மட்டுமே. வலது கால் பிரேக்.

என் இடது கால் அமுக்கியது. அங்கே இருந்தது கியர். மணிக்கட்டில் கட்டியிருந்த காந்தக் கயிறு அறுபட்டு இஞ்சின் நின்றது, நான் நிற்கவில்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு. திரும்பிப் போனபோது, சொல்லித்தந்த முதியவரிடம் வெட்கத்தோடு காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் பழகிய ஆங்கிலேய வண்டிகளிலும் கியர் வலப்பக்கம்தானாம். 1970-களின் நடுவில் அமெரிக்க விதிமுறைக்காக உலகம் இடப்பக்கத்துக்கு மாறியது. இந்தியப் புல்லட் அதற்குப் பின்னும் நெடுங்காலம் மாறவில்லை. காலை மாற்ற அவருக்கு ஒரு முழுக் குளிர்காலம் பிடித்ததாம். பிறகு, ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையலை வென்றது ராயல் என்ஃபீல்டில்தான் என்றார். அப்பாவின் வண்டிக்குப் பாறையேறிய ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார்! அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பார்.

அதன்பின் நான் செய்தது ஒன்றுதான். முன்சக்கரத்தைத் தூக்குவதும் உடனே வலது காலால் இறக்குவதும். நிற்க முயலவே இல்லை. ஒரு காலைப்பொழுதில் நூறுமுறையாவது. கேவலமான, அலுப்பூட்டும் வேலை. ஒவ்வொரு முறையும் இடது கால் துடிப்பதை உணர்ந்தேன். அதை அடக்கும்போது ஏதோ துரோகம் செய்வதுபோல் இருந்தது. அப்பாவிடமிருந்து என் உடம்புக்கு நேரடியாக வந்த ஒரே பொருளை அல்லவா அழித்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, ஈரப்பாறைமேல், நான்கு எண்ணும் வரை நின்றேன். ஐந்தில் வண்டி பின்னால் சாய்ந்தது. வலது கால் தொட்டது. முன்சக்கரம் மெதுவாக இறங்கிக் கல்லில் அமர்ந்தது. இடது கால் அசையவில்லை.

அன்றிரவு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, புல்லட்டை யாரிடம் விற்றோம் என்று கேட்டேன். பெயர் அவளுக்கு நினைவில்லை.

"சின்னப் பையன்டா. பிரேக் எங்கன்னு தெரியாம முழிச்சான். நாந்தான் காட்டிக் குடுத்தேன்" என்றாள்.