பழைய மடிக்கணினியும் புதிய அப்டேட்டும்



2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அன்றிலிருந்து கோட்டுச்சேரியில் எங்கள் மதரஸாவுக்கு வரும் பெற்றோர், மார்க்கச் சட்டத்தோடு கணினியைப் பற்றியும் கேட்கிறார்கள். "ஹஜ்ரத், மிசின் நல்லாத்தான் ஓடுது. தூக்கிப் போடவா? இல்ல, பையன் எதையோ ஏத்தித் தர்றேங்கிறான், ஏத்தச் சொல்லவா?"

அந்த 'எதையோ' இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பணம் கொடுக்காமல் பூட்டை உடைத்து எடுத்த விண்டோஸ். மற்றொன்று லினக்ஸ்.

முதலாவதைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டியதில்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூல், கண்டுபிடிப்பு போன்றவற்றின் மீது அவற்றை ஆக்கியோருக்கு உள்ள உரிமை ஷரீஅத்தின்படி பாதுகாக்கப்பட்டது, அதை மீறலாகாது என்று தீர்மானித்துள்ளது. லினக்ஸிலோ படியெடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் ஆக்கியோரே எழுத்து மூலம் அனுமதி தந்திருக்கிறார்கள். ஆகவே ஆகுமா, ஆகாதா என்பதில் குழப்பமில்லை. குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நாம் புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தவர்கள் என்றாலும், வடக்கே பொறையாறும் தெற்கே நாகூரும் தமிழ்நாடு. கொள்வினை கொடுப்பினை எல்லாம் அங்கேதான். எனவே 2011 செப்டம்பர் 15இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் உறவுமுறையில் நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. எங்கள் கைக்கு வந்தவற்றில் பாஸ் பக்கம் திறக்கப்பட்ட அடையாளமே இல்லை. அது கெட்டுப்போனதால் அன்று. எப்படித் திறப்பது என்று யாரும் காட்டிக்கொடுக்காததால்.

அத்தகைய ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றி, பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவிக்குக் கொடுத்தோம். தந்தை வளைகுடாவில். ஏழு மாதம் குறையின்றி ஓடியது. ஒரு நாள் அப்டேட் முடிந்து திறந்தபோது திரை முழுவதும் கறுப்பு. மகள்தான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டாள் என்று வீட்டில் ஒரே சத்தம். ஏற்றிக்கொடுத்த இளைஞரோ அதற்குள் ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். அவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தோம். திரை வந்துவிட்டது. பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கும்வரை அப்பிள்ளை ஒன்பது நாள் திட்டு வாங்கியிருந்தாள். அதற்கிடையே அரையாண்டுத் தேர்வும் வந்து போயிற்று.

இது ஏன் நேர்கிறது என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது அறிந்திருப்பது நலம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி. திரையில் படம் வரச் செய்யும் கிராபிக்ஸ் சில்லுக்கும் கெர்னலுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனைப் போல நிற்பது டிரைவர். இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கான திறந்த டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கெர்னல் வளரும்போது அவையும் கூடவே திருத்தப்படுகின்றன. வெளியே தனியாக வரும் டிரைவரை ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மறுபடி பொருத்த வேண்டும். பொருந்தாவிட்டால் கறுப்புத் திரை, அல்லது மங்கிப் பெருத்த எழுத்து.

உலகறிந்த எடுத்துக்காட்டு என்விடியா. 2006 முதல் வந்த அதன் பழைய அட்டைகளுக்கு உரியது 340 தொடர் டிரைவர். அதற்கான ஆதரவு 2019 முடிவில் நின்றது. அடுத்த தலைமுறைக்குரிய 390 தொடர் 2022 முடிவில் நின்றது. மூலநிரலின் பெரும்பகுதி மூடியிருந்ததால், நிறுவனம் கைவிட்டபின் வேறெவரும் எடுத்து முழுமையாகத் திருத்த இயலாது. நூவோ என்ற திறந்த டிரைவரைத் தன்னார்வலர்கள் வெளியிலிருந்து ஊகித்து ஊகித்தே எழுதினார்கள். படம் வரும், வேகம் வராது. 2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தை மேடையிலேயே ஏசினார். (அவர் காட்டிய விரலை நம் பிள்ளைகள் காணொளியில் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை!) 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பகுதியைத் திறந்து வெளியிட்டது, ஆனால் 2018இல் வந்த தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய அட்டைகளுக்கும் மட்டுமே. நமக்கு நன்கொடையாக வருபவை அதற்கு முந்தியவை.

இதற்கு மேல் முகப்பும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2011இல் க்னோம் 3 வந்தபோது பழகிய பட்டியல்கள் மறைந்து, உலகெங்கும் பயனர்கள் கொதித்தார்கள்; பழைய தோற்றத்தைக் காக்க மாட்டே என்று தனியே ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். 1984 முதல் திரையை ஆண்டுவந்த எக்ஸ் என்னும் அடித்தளம் இப்போது வேலண்டுக்கு இடம்விடுகிறது. விண்டோஸ் 10 விடைபெற்ற அதே 2025 அக்டோபரில் வெளியான உபுண்டு 25.10இல், எக்ஸ் வழியாக க்னோமைத் திறக்கும் வாய்ப்பே நீக்கப்பட்டது. மாற்றத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. எக்ஸில் ஒரு செயலியின் விசைத்தட்டலை இன்னொரு செயலி ஒட்டுக்கேட்க முடியும். ஆயினும், சந்தாக் கணக்கு எழுதும் எங்கள் மூத்த ஆசிரியருக்கு அது வேண்டியதில்லை. நேற்று இடப்பக்கம் இருந்த பொத்தான் இன்றும் அங்கேயே இருந்தால் போதும். அவர் கேட்பது நியாயம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

ஆகவே புதியது வந்தவுடன் ஏறுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். நெடுங்கால ஆதரவுள்ள வெளியீடு, இலேசான முகப்பு, இவ்விரண்டு போதும். லினக்ஸ் மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. அதன் எக்ஸ்எஃப்சிஇ முகப்பு ஆண்டுக்கணக்கில் அதிகம் மாறாதது. நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கிறோம். திரை, வைஃபை, தமிழ்99 தட்டச்சு, அரபு எழுத்து, நான்கும் ஒழுங்காக வந்தால்தான் மேற்கொண்டு செல்வது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தள்ளிப்போடுவதில்லை.

எனினும் எங்கள் மனத்தில் நிற்பது கேரளத்தின் அனுபவம். 2001இல் அங்கே ஐடி@ஸ்கூல் தொடங்கியது. பின்னர் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. அவர்களுக்கும் இதே கெர்னல், இதே டிரைவர் தொல்லைகள்தாம். ஆனால் பள்ளிக்குள்ளேயே பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தார். இங்கே கணினியைக் கொடுத்தார்கள், ஆளைக் கொடுக்கவில்லை.

எனவே இப்போது மக்தபின் மூத்த மாணவிகள் இருவருக்கு வெள்ளிதோறும் அஸருக்குப் பிறகு இதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தாள்: எந்தச் சில்லு, எந்த டிரைவர், எந்த ஆண்டுவரை ஆதரவு, திரை கறுத்தால் முதலில் எதை அழுத்துவது. தாளின் ஒரு படி மதரஸா அலமாரியில், மற்றொன்று மடிக்கணினிப் பையில். வீட்டில் பழைய மடிக்கணினி வைத்திருப்போர், தூக்கிப் போடுமுன் ஒரு வெள்ளிக்கிழமை அதைச் சார்ஜருடன் கொண்டுவாருங்கள். சார்ஜர் இல்லாமல் வருபவையே அதிகம்.