ஒரே கிட்டாரில் இரண்டு குரல்! பிக்கப் வாங்கும் முன் பாதியைக் கேளுங்கள்

பெரம்பூரில் வசிக்கும் அந்த 27 வயது இளைஞருக்கு மூன்று முதலாளிகள். மாலையில் கிட்டார் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், முகூர்த்த நாள்களில் மெல்லிசைக் குழு, ஞாயிறு காலையில் தேவாலயப் பாடகர் குழு. மூன்று இடங்களுக்கும் சேர்த்து அவரிடம் இருப்பது ஒரே ஓர் எலெக்ட்ரிக் கிட்டார்.

வகுப்பில் பிரச்னை இல்லை. தேவாலயத்தில் கிட்டார் மணி போல் மெல்லிசாக ஒலிக்க வேண்டும். கல்யாண வரவேற்பில் 80-களின் மெலடிக்கு அதே மெல்லிய ஒலி வேண்டும். அடுத்த பாட்டு குத்துப்பாட்டு என்றால் மண்டபம் அதிர வேண்டும். அவருடைய கிட்டாருக்கோ தடித்த குரல் மட்டும்தான் தெரியும்.

"தம்பி, கீபோர்டு சத்தத்துல உன் கிட்டார் காணாமப் போகுதுப்பா" என்று குழுவை நடத்துபவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். மூன்றாவது முறை சொல்ல மாட்டார். வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார். இந்தத் தொழிலில் நோட்டீஸ் பீரியட் எல்லாம் கிடையாது.

இரண்டாவது கிட்டார் வாங்கலாம். ஆனால் கையில் இருந்த பணம், தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்தது. அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது 'காயில் ஸ்ப்ளிட்'. ஒரு குமிழை மேலே இழுத்தால் போதும், ஒரே கிட்டார் இரண்டு கிட்டார் ஆகிவிடும் என்றார்கள் வீடியோக்களில். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளத்தான் அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது.

தந்திக்குக் கீழே ஒரு காந்தம்

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே சின்னப் பெட்டி போல் பொருத்தியிருப்பார்களே, அதுதான் பிக்கப். அது மைக் அல்ல. உள்ளே காந்தம் இருக்கும். அதைச் சுற்றித் தலைமுடி அளவே தடிமனுள்ள செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே உலோகத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும். காயிலில் துளி மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப் பெரிதாக்கித் தருகிறது. பள்ளி அறிவியல் புத்தகத்தில் படித்த ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான் இது.

ஆனால் காயிலுக்குத் தந்தி எது, சீரியல் லைட் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இந்தியாவில் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. பக்கத்தில் இருக்கும் வயர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றிலிருந்தும் அந்தத் துடிப்பைக் காயில் பிடித்துக்கொள்ளும். கிட்டாரின் ஆகத் தடித்த தந்தியே விநாடிக்குச் சுமார் 82 முறைதான் அதிர்கிறது. அதற்கும் கீழே, யாரும் வாசிக்காத ஒரு சுருதி 'ம்ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மடங்குகளும் சேர்ந்துகொண்டால் காதுக்குள் வண்டு புகுந்தது போல இருக்கும்.

1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இப்படிப்பட்ட ஒற்றைக் காயில் பிக்கப்கள் மூன்று. கண்ணாடி போல் தெளிவான ஒலி. கூடவே அந்த இரைச்சலும்.

மைனஸை மைனஸால் பெருக்கினால்…

இரைச்சலுக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் சேத் லவர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமாசூ நகரில் இருந்த கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர். 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-ல் கிடைத்தது. இடையில், 1957-லேயே அந்த பிக்கப்கள் கிட்டார்களில் ஏறிவிட்டன. 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று பொருள்படும் ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து, அந்தக் கால பிக்கப்களை 'பி.ஏ.எஃப்.' என்று இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். அதே ஆண்டுகளில் ரே பட்ஸ் என்பவரும் கிரெட்ச் கிட்டார்களுக்காகத் தனியே இதே யோசனையைச் செய்து காட்டினார்.

யோசனை எளிது. ஒரு காயிலுக்குப் பதில் இரண்டு. இரண்டாவது காயிலில் மின்சாரம் எதிர்த்திசையில் ஓடும்படி இணைப்பு. அதன் காந்தமும் தலைகீழ். தந்தியின் ஒலி இரண்டு முறை தலைகீழாகிறது. மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் ஆவதுபோல, முதல் காயிலின் ஒலியோடு சேர்ந்து பெரிதாகிறது. மின் இரைச்சலுக்குக் காந்தத்தோடு சம்பந்தமே இல்லை. அதனால் அது ஒரே ஒரு முறைதான் தலைகீழாகிறது. முதல் காயிலின் இரைச்சலோடு மோதி அடங்கிவிடுகிறது. இதுதான் ஹம்பக்கர். ஒலி தடிமன், இரைச்சல் மிகக் குறைவு.

பெரம்பூர் இளைஞரின் கிட்டாரில் இருந்தவை இத்தகைய இரண்டு ஹம்பக்கர்கள்தான்.

ஸ்ப்ளிட் என்பது, இந்த இரண்டு காயில்களில் ஒன்றை ஸ்விட்ச் போட்டு அணைப்பது. அணைத்ததும் ஒலி மெலிகிறது, பளிச்சென்று ஆகிறது. ஆனால், இரைச்சலை அடக்கிக்கொண்டிருந்த ஜோடியே கலைந்துவிடுவதால், அந்த 'ம்ம்ம்ம்' திரும்பி வந்துவிடும். வீடியோக்களில் அழுத்திச் சொல்லாத விஷயம் இது.

(பேஸ் கிட்டார்காரர்கள் 'ஸ்ப்ளிட் காயில்' என்று சொல்வது வேறு. 1957-லிருந்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் வரும், இரண்டு துண்டாகப் பிரித்து வைத்த பிக்கப் அது. அதில் எதையும் அணைக்க வேண்டியதில்லை. கடையில் கேட்கும்போது குழம்பிவிடக் கூடாது.)

"பாதியில கேட்டியா?"

முதலில் அவர் தேர்ந்தெடுத்தது, கேட்டதும் மிரட்டுகிற ஒரு பிக்கப். மின்தடை 16 கிலோ ஓம். ஆர்டர் போடுவதற்கு முன், குழுவில் 30 வருடமாக வாசிக்கும் மூத்த கிட்டார் கலைஞரிடம் போனைக் காட்டினார்.

"மாஸ்டர், இது எப்படி?"

"முழுசா வாசிச்சா எல்லா பிக்கப்பும் நல்லாத்தான் இருக்கும் தம்பி. பாதியில கேட்டியா?"

கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் தேடலே மாறியது.

மாஸ்டர் போட்ட கணக்கு இது. பழைய பாணி ஹம்பக்கர் ஒன்றின் மின்தடை சுமார் 8 கிலோ ஓம். ஒரு காயிலை அணைத்தால் மிஞ்சுவது 4. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒற்றைக் காயிலுக்கே சுமார் 6 இருக்கும். அதனால் பழைய பாணி பிக்கப்பை ஸ்ப்ளிட் செய்தால் ஒலி சோகை பிடித்ததுபோல் கேட்கும். அப்படியென்றால் 16 கிலோ ஓம் வாங்கினால் பாதி 8 ஆகுமே? ஆகும். ஆனால் முழுதாக வாசிக்கும்போது பளிச்சென்ற மேல் ஒலிகள் மங்கி, நடு ஒலிகள் புடைத்து, கீபோர்டோடு மறுபடியும் சண்டை. எந்தக் குறைக்காக மாற்ற நினைத்தாரோ, அதே குறைக்குக் காசு கொடுத்து வாங்கியது போலாகிவிடும்.

மின்தடை ஒன்றே ஒலியைத் தீர்மானிப்பதில்லை. கம்பியின் தடிமன், காந்தத்தின் வகை எல்லாம் சேர்ந்துதான் குரல். ஒரே வகை பிக்கப்களை ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும்.

கடைசியில் அவர் முடிவு செய்தது, பிரிட்ஜ் பக்கத்துக்குச் சுமார் 10 கிலோ ஓம் உள்ள நடுத்தர பிக்கப். அதற்கு ஸ்ப்ளிட். கழுத்துப் பக்கத்துக்குப் பழைய பாணி 8 கிலோ ஓம். அதற்கு ஸ்ப்ளிட் இல்லை, 'பேரலல்'.

பேரலல் என்றால், வழக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் இரண்டு காயில்களையும் பக்கம் பக்கமாக இணைப்பது. இரண்டும் வேலை செய்வதால் இரைச்சல் அடங்கியே இருக்கும். ஒலி மெலிந்து தெளிவாகும். சத்தமும் கொஞ்சம் குறையும். அசல் ஒற்றைக் காயிலின் குணம் முழுதாக வராது. ஆனால், ஜெப நேரத்தின் நிசப்தத்தில் வாசிக்கிறவருக்கு இரைச்சல் இல்லாததுதான் முதல் தேவை.

நான்கு வயர், ஒரு மல்ட்டிமீட்டர்

பழைய பிக்கப்களை ஏன் அப்படியே ஸ்ப்ளிட் செய்யவில்லை? அவற்றிலிருந்து வெளியே வந்தவை இரண்டே வயர்கள். ஒவ்வொரு காயிலுக்கும் இரண்டு முனைகள். இரண்டு காயிலுக்கு நான்கு. நான்கும் வெளியே வந்தால்தான் வேண்டியபடி இணைக்க முடியும். அதனால் வாங்கும்போது, நான்கு வயர்களும் எர்த்துக்கு ஒரு வெற்றுக் கம்பியும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தே வாங்கினார்.

ரிச்சி தெருவில் சால்டரிங் அயர்னும் மல்ட்டிமீட்டரும் வாங்கினார். வயர்களின் வண்ணங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனியின் பச்சை இன்னொன்றில் வேறு வேலை பார்க்கும். அதனால் மாஸ்டர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு ஜோடியாக அளந்து குறித்துக்கொண்ட பிறகே ஈயம் உருகியது. கிட்டாரில் புதிதாக ஓட்டை போடவில்லை. வால்யூம், டோன் குமிழ்களைக் கழற்றிவிட்டு, இழுத்தால் ஸ்விட்சாக மாறும் 'புஷ்-புல்' குமிழ்களைப் பொருத்தினார்.

செலவு, இரண்டு மாதக் கச்சேரிச் சம்பளம். தங்கையின் கட்டணத்தில் கை வைக்கவில்லை.

எர்த் பின்னைப் பிடுங்காதீர்கள்

மண்டபங்களில் இரைச்சல் வந்தால், ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்லும் ஆட்கள் உண்டு. இரைச்சல் குறையலாம். ஆனால் கிட்டாரின் தந்திகள் ஆம்ப் வழியாக எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் கோளாறு வந்தால், 230 வோல்ட் நேராகத் தந்திக்கு வரலாம். 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட ஸ்காட்லாந்து கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மின்சாரம் தாக்கி இறந்தார். இரைச்சலை பிக்கப்பில் குறையுங்கள், பிளக்கில் அல்ல.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

• ஸ்ப்ளிட் செய்த ஒலியைத் தனியாகக் கேட்டீர்களா? போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போனிலாவது கேளுங்கள்.

• நான்கு வயர் உள்ளதா?

• இரைச்சல் திரும்பினால் பரவாயில்லையா? இல்லையென்றால் பேரலல் கேளுங்கள்.

• இரண்டு பிக்கப்பையும் ஸ்ப்ளிட் செய்யப் போகிறீர்களா? ஒன்றுக்கொன்று எதிரான காயில்கள் மிஞ்சும்படி இணைக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது இரைச்சல் அடங்கும்.

• பிரிட்ஜ் பக்கத்தில் தந்திகளின் இடைவெளியும், பிக்கப் உட்காரும் பள்ளத்தின் ஆழமும் பொருந்துகின்றனவா?

புதிய பிக்கப்களோடு அவர் வாசித்த முதல் கச்சேரியில், குமிழை இழுத்ததும் சத்தம் சற்றே இறங்கியது. அது தெரிந்துதான், முழு ஒலிக்கு வால்யூமை 7-லேயே வைத்திருந்து, ஸ்ப்ளிட்டுக்கு 10-க்கு ஏற்றினார். மெலடியின் நடுவே இரைச்சல் லேசாக எட்டிப் பார்த்தது; தபேலா சேர்ந்ததும் மறைந்தது.

குழுவை நடத்துபவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, அடுத்த மாதத் தேதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மொத்தம் ஆறு.