கமரூன் அம்மையாரின் இரு வில்லைகள்

இலங்கை வரலாறு கற்போர் கமரூன் என்னும் பெயரை 1833 ஆம் ஆண்டின் கோல்புறூக் – கமரூன் சீர்திருத்தங்களோடு சேர்த்தே அறிவர். அச்சட்ட அறிஞரின் துணைவியார் ஜூலியா மார்கிறெட் புகைப்படக் கலையில் அழியாப் புகழ் எய்தியவர் என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

1863 டிசம்பரில், இங்கிலாந்தின் வைற் தீவில் வாழ்ந்த அவருக்கு மகளும் மருமகனும் கமராவொன்றைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. கமராவின் கண்ணாடித் தகடு 11 அங்குலத்துக்கு 9 அங்குலம். பிரான்சில் செய்யப்பட்ட ஜமின் வில்லையின் குவியத்தூரம் ஏறத்தாழ 12 அங்குலம். பெற்ஸ்வால் 1840 இல் வகுத்த அமைப்பைத் தழுவிய அவ்வில்லை ஒளியை மிகுதியாக உள்ளே விடும். நடுப்பகுதியைத் தெளிவாகக் காட்டி, ஓரங்களை உருகவிடும். அவர் வில்லையை மெல்லத் திருகி, உரு அழகாய்த் தோன்றிய இடத்திலேயே நிறுத்திவிடுவார். துல்லியம் தேடி மேலே திருகுவதில்லை. இதனை 1874 இல் எழுதிய நினைவுக்குறிப்பில் அவரே ஒப்புக்கொள்கின்றார். அக்காலப் புகைப்பட இதழ்களோ இதனைக் கவனக்குறைவு என்றே கண்டித்தன.

முதல் வில்லை பரிசாய் வந்தது. இரண்டாவது தேர்ந்து கொண்டது. 1866 இல் 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தகடு கொண்ட கமராவையும், டால்மேயர் அவ்வாண்டிலேயே வெளியிட்ட 30 அங்குல வில்லையையும் அவர் பெற்றார். முகத்தை ஏறக்குறைய இயற்கையளவிற் பதிப்பதே அவர் வேட்கை. இயற்கையளவுக்கு முகம் வில்லையிலிருந்து குவியத்தூரத்தின் இருமடங்கில் இருத்தல் வேண்டும். 12 அங்குல வில்லையெனின் 24 அங்குலம். அவ்வளவு அண்மையில் மூக்குப் பருத்து, காது சிறுத்துவிடும். 30 அங்குல வில்லையெனின் ஐந்தடி. முகம் தன் அளவு குலையாது நிற்கும்.

இதற்கு விலையும் உண்டு. அந்நிலையில் வில்லைக்கும் தகட்டுக்கும் இடையிலும் ஐந்தடி வேண்டும். தகட்டை அடையும் ஒளி காற்பங்காகக் குறைகின்றது. அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். கண் தெளிந்தால் காது மங்கும். எனவே, அவர் படங்களின் மங்கலுக்குப் பழைய வில்லையின் குறையே காரணம் என்பது பொருந்தாது. நல்ல வில்லை வந்த பின்னரும் மங்கல் நீங்கவில்லை. 1867 இல் எடுத்த வானியலறிஞர் ஹேர்ஷெலின் படத்தில், கலைந்த வெண்முடி இருளிற் கரைய, கண்கள் மட்டும் நம்மை நோக்குகின்றன.

1875 இல் அக்குடும்பம் இலங்கைக்கு வந்தது. இங்கு அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. 1879 இல் மலைநாட்டிற் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் முன் அமர்ந்தோருட் பலரின் பெயர்கள் படங்களோடு நிலைத்துள்ளன. 1878 இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படத்தில் உள்ளோரின் பெயர்களையோ எவரும் குறித்து வைக்கவில்லை.